முதலாவதா, இரண்டாவதா

கண் பரிசோதிக்கிறவன் ஒரு நாளில் நூறு தடவையாவது ஒரே கேள்வியைக் கேட்டுவிடுகிறான்: "முதலாவதா, இரண்டாவதா?" எதிரே உட்கார்ந்திருப்பவர் இரும்புச் சட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு சுவரில் இருக்கும் எழுத்துகளை முறைப்பார். இவன் லென்ஸைப் புரட்டுவான். சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று பயந்து பதிலை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். கடைசியில் ஒரு கட்டத்தில், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி தயங்கி, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்பார்கள். தொழில் தெரிந்தவனுக்கு அதுதான் பதில். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பவர் கிடைத்துவிட்டது. அடுத்தவர் வரலாம்.

எல்லோரும் கண்ணாடிக்காரன் என்று கூப்பிடும் இவனுக்கு அந்தக் கேள்வி கடைக்கு வெளியிலும் ஒட்டிக்கொண்டது. மனைவி இறந்த பிறகு அது இன்னும் வசதியாகப் போயிற்று. விளக்கைப் போடவா, வேண்டாமா? இரண்டும் ஒன்றுதான். சாப்பாடு இப்போதா, பிறகா? இரண்டும் ஒன்றுதான். தொழில் முறைப்படி பார்த்தால் அவன் வாழ்க்கைக்குச் சரியான பவர் கிடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அவன் மனைவி எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். அவளுடைய தம்பி டிரம்ஸ். தம்பியின் கூட்டாளி ஒருவன் பேஸ் கிட்டார். கூரியர் கம்பெனியில் வேலை, அதனால் பார்சல் என்று பெயர். மூன்று பேரும் ஞாயிறு மாலைகளில் தம்பியின் வீல் அலைன்மென்ட் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசிப்பார்கள். கடைக்கு மேலேதான் வீடு. மாடியில் அவர்களுடைய அம்மா.

அந்தக் குழுவில் கண்ணாடிக்காரனுக்கு இருந்த பதவி ஆம்ப்ளிஃபையர் தூக்குவது. அவளுடைய ஆம்ப் ஒரு கிழட்டு எருமை. கனமும் அப்படி, குணமும் அப்படி. அவளுடைய பழைய கிட்டாரை அதில் சொருகினால் போதும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் 'உம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்கும். மாடியிலிருந்து அம்மா துடைப்பக் கட்டையால் தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அந்த மிஷினை நிறுத்துங்கள் என்று அர்த்தம். தம்பி அதையே தாளமாக எடுத்துக்கொண்டு குச்சியை நாலு அடி அடித்து அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுவான். நாளாக ஆக, அம்மா தட்டாமல் பாட்டே கிடையாது என்றாகிவிட்டது. "மேலிடத்து உத்தரவு வந்துருச்சு, ஆரம்பி" என்பாள் அவள். மேலிடத்துக்கு இந்த விஷயம் தெரியாது. தட்டியதும் பாட்டு ஆரம்பித்து உறுமல் அதில் அமுங்கிப்போவதால், பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் என்றே அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தார்.

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் அவள் எதையும் வைத்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு ஒயர். சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால், "வாசிக்கிறது கைதானே, காலுக்கு என்ன வேலை" என்பாள்.

போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கண்ணாடிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனான், மத்தியானம் திறந்துவிடலாம் என்று.

காரியமெல்லாம் முடிந்து முதல் ஞாயிறு வந்தது. அவன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு மைத்துனன் கடைக்குப் போனான். மைத்துனனும் பார்சலும் கிட்டார் இல்லாமல் தட்டித் தடவி எதையோ வாசித்தார்கள். ஆம்பின் ஒயரை யாரும் சொருகவில்லை. முடிந்ததும் தூக்கிக்கொண்டு திரும்பினான். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். பார்சலுக்கு டீ கிளாஸ் வைக்க வாகான உயரமாக இருந்தது. மாமியார் கீழே இறங்குவதை விட்டுவிட்டிருந்தார். இவன் மாடிப்படியின் அடியில் நின்று, "அத்தை, வந்திருக்கேன்" என்பான். மேலேயிருந்து "சரி" என்று வரும். கிளம்பும்போது "அத்தை, கிளம்பறேன்." "சரி." வாரம் முழுக்க அவனோடு யாராவது சொந்தமாகப் பேசினார்கள் என்றால் அந்த இரண்டு 'சரி'தான்.

பிறகு பல் டாக்டர் வந்தார். நேரில் இல்லை, பேச்சில்.

"அத்தான், ஒரு நல்ல விஷயம்" என்றான் மைத்துனன், டிரம்ஸ் மேல் விரித்திருந்த பழைய போர்வையை மடித்துக்கொண்டே. "நீச்சல் குளத்துக்காரங்க அவங்க விழாவுக்கு நம்மள வாசிக்கச் சொல்றாங்க. கிட்டாருக்கு ஆள் கிடைச்சிட்டாரு. பல் டாக்டர். கார் அலைன்மென்ட்டுக்கு வந்தவரு, பேச்சுக் குடுத்தேன், மாட்டிக்கிட்டாரு."

"நல்லா வாசிப்பாரா?"

"அவர்கிட்ட இருக்கிற பெடலே சூட்கேஸ் சைசு அண்ணே" என்றான் பார்சல். "நேரா ஸ்பீக்கர்ல சொருகிடுவாராம். ஆம்பே வேணாமாம்."

ஆம்பே வேணாம் என்பதைச் சொன்ன பிறகுதான் பார்சலுக்கு அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. ஆம்ப் மேல் வைத்திருந்த கிளாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

மைத்துனன் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆமா அத்தான். இனிமே நீங்க இதைச் சுமந்துக்கிட்டு அலைய வேணாம். சும்மா வாங்க. எப்ப வேணாலும் வாங்க."

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லப்பட்ட வீட்டுக்கு யார் எப்போது போயிருக்கிறார்கள்? கண்ணாடிக்காரனுக்கு அது தெரியும். பெண்ணைக் கட்டினவன் மாப்பிள்ளை. பெண் போன பிறகு அவன் யார் என்று உறவு முறையில் ஒரு சொல் இல்லை. அவனிடம் இருந்தது ஒரு ஆம்ப். அதைத் தூக்கி வருகிறவன் என்ற ஒரே காரணத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்துகொண்டிருந்தான்.

"கிட்டார் நான் வாசிக்கறேன்" என்றான்.

"என்னது?"

"நான் வாசிக்கறேன்."

பார்சல் சிரிக்க ஆரம்பித்து, மைத்துனன் முகத்தைப் பார்த்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

பொய் இல்லை. கம்பிகளைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிற கார்டு ஆறேழு அவனுக்குத் தெரியும். வீட்டில் அவள் பழகும்போது பின்னால் யாராவது கார்டு பிடிக்க வேண்டும். அதற்காக அவளே சொல்லிக்கொடுத்தது. இறந்த பிறகும் தினமும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்தான். ஒயர் சொருகாமல். சொருகாத எலெக்ட்ரிக் கிட்டார் கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் போடும்.

மைத்துனன் நல்லவன். நல்லவர்கள் முடிவைத் தள்ளிப்போடுவார்கள். "சரி அத்தான். அடுத்த ஞாயிறு டாக்டரும் வர்றாரு. ரெண்டு பேரும் வாசிங்க. பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்காரன் யோசித்தான். பல் டாக்டரிடம் சூட்கேஸ் இருக்கிறது. தன்னிடம் ஆறேழு கார்டு இருக்கிறது. நடுவில் உள்ள பள்ளத்தை எதையாவது போட்டுத் தூர்க்க வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அகப்பை மட்டுமாவது கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே என்று நினைத்தான்.

இசைக்கருவிக் கடை, சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் இருந்தது. உள்ளே ஒரு பெண் மட்டும் இருந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். அவளுடைய கண்ணாடி மூக்கின் பாதி வழியில் நின்றது. இடது காது பக்கத்துத் திருகு தளர்ந்திருந்தது. கண்ணாடிக்காரன் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துவிடுவான்.

"மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வேணும். விலை கம்மியா."

"எவ்வளவு கம்மியா?"

"கேவலமா இல்லாத அளவுக்குக் கம்மியா."

அவள் அலமாரியில் இருந்து இரண்டை எடுத்து வைத்தாள். முதலாவது அகலமான கறுப்பு பிளாஸ்டிக். சின்னத் திரை, ஓரத்தில் காலால் ஏற்றி இறக்க ஒரு மிதி. இரண்டாவது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. மேலே ஐந்து திருகு, கீழே மிதிக்க இரண்டு பொத்தான். திரை கிடையாது.

"ரெண்டும் ஒரே விலைதான் சார். இதுல இருநூறு சத்தம் இருக்கு. அதுல பத்தோ பன்னெண்டோ. எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

"இருநூறையும் வாசிக்கிறாங்களா?"

"மூணு வாசிப்பாங்க."

"எந்த மூணு?"

"ஒண்ணு சும்மா. ஒண்ணு கோவமா. ஒண்ணு பாத்ரூம்ல நின்னு வாசிக்கிற மாதிரி."

கண்ணாடிக்காரனுக்கு அந்தப் பட்டியல் நியாயமாகப் பட்டது. "நான் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கறேன். நீங்க எதுல சொருகறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. முதல்ல ஒண்ணு, அப்பறம் இன்னொண்ணு. நான் சொல்றேன்."

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"கண்ணால பாத்தா பெருசுதான் நல்லா கேக்கும்."

அவளுக்கு இது பிடித்திருந்தது போல. முதலாளி இல்லாத மத்தியானத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளர் தேவலை. கடையில் தொங்கிய கிட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பின்னால் ஒயர் சொருகும் சத்தம்.

"முதலாவது" என்றாள்.

அவன் ஒரு கார்டைப் பிடித்து வாசித்தான். தலையை ஆட்டினான்.

"இரண்டாவது."

வாசித்தான். யோசித்தான். "திரும்ப முதலாவது." வாசித்தான். "திரும்ப இரண்டாவது."

கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். "ரெண்டும் நல்லா இருக்கு. எங்க தொழில்ல ரெண்டும் ஒண்ணா இருந்தா அதான் சரியான இடம்."

"எங்க தொழில்ல ரெண்டும் ஒண்ணா இருந்தா கஸ்டமர் வாங்காம போயிடுவாரு" என்றாள் அவள். "சார், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு என்ன கேக்குது?"

"கிட்டார்."

"எனக்கு எதுவுமே கேக்கல. ரெண்டுலயும்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தது வெறும் கம்பியின் சத்தம், வீட்டில் கட்டில் ஓரத்தில் கேட்கிற அதே கொசு. அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன காது, இதுதான் கிட்டார் என்று ஒத்துக்கொண்டுவிட்டது.

ஒயர் போய்விட்டது என்று அவள் வேறு ஒயர் மாற்றினாள். அப்போதும் கேட்கவில்லை. கிட்டாரை வாங்கி அவளே ஒரு இழுப்பு இழுத்தாள். ஷெல்ஃபில் இருந்த புல்லாங்குழல் பெட்டிகள் அதிர்ந்தன. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள். பழுது எங்கே என்று சொல்லாமல் விட்டது அவளுடைய மரியாதை. பெட்டியோடு வந்த காகிதத்தை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தாள். "ஏதோ... கேட்... கேட்..."

"குடுங்க." வாங்கிப் படித்தான். "நாய்ஸ் கேட். இரைச்சலை அடைக்கிற கதவு. ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற சத்தத்தை எல்லாம் இரைச்சல்னு எடுத்துக்கிட்டு அடைச்சிடுமாம். அளவைத் தாண்டினா திறக்குமாம். கடையிலிருந்து வரும்போதே ரெண்டுலயும் கதவு மூடித்தான் வருது."

"அப்ப நீங்க வாசிச்சதை இரைச்சல்னு நினைச்சிருக்கு."

"ஆமா."

"ரெண்டுமே."

"ஆமா."

அவள் சிரிப்பை அடக்கினாளா என்று அவன் கவனிக்கவில்லை. கதவை எப்படித் திறப்பது என்று தேடிக்கொண்டிருந்தான். முதலாவதில் அது திரைக்குள், பட்டியலுக்குள், அதற்குள் இன்னொரு பட்டியலுக்குள் இருந்தது. கண்டுபிடிப்பதற்குள் திரை அணைந்து அணைந்து போனது. இரண்டாவதில் வெளியிலேயே ஒரு திருகு. அதை முழுக்கத் திறந்தான். ஆம்பிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் கிளம்பி நின்றது. மெதுவாக வாசித்தான். கேட்டது.

"இந்தச் சரசர போகாதா?"

"கதவைத் திறந்து வச்சா தூசி வரத்தான் செய்யும் சார்."

"இதையே எடுத்துக்கறேன்."

"இருநூறு சத்தம் வேணாமா?"

"கதவு வெளியில இருக்கறது போதும்."

பில் போடும்போது அவளுடைய கண்ணாடியைக் கேட்டு வாங்கினான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியால் திருகை முடுக்கிக் கொடுத்தான். "பவரும் பழசு. வந்து பாத்துக்குங்க."

"முதலாவதா இரண்டாவதான்னு கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா?"

"அப்ப சரி."

வீட்டில் அந்த வாரம் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு திருகையும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தான். "முதலாவதா, இரண்டாவதா?" என்று வாய்விட்டே கேட்டான். பதில் சொல்ல வேண்டியவனும் அவனே. 'சும்மா' ஒரு பொத்தானில், 'பாத்ரூம்' இன்னொன்றில் என்று முடிவாயிற்று. 'கோவம்' வேண்டாம் என்று விட்டுவிட்டான். பாத்ரூம் அபாரமாக இருந்தது. ஒரு கம்பியைத் தொட்டால் மலை மலையாக எதிரொலித்தது. ஒன்றுமே வாசிக்காமல் பெரிய வித்வான் போலக் கேட்டது. சரசரப்புதான் தொந்தரவு. ஹெட்ஃபோனுக்குள் அது, பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவது போல இருந்தது. அவன் அந்த வீட்டில் பின்னால் யாரும் இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தவன். கதவைச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பைத் தூக்கிக்கொண்டு, தோளில் கிட்டாரும் பையில் பெட்டியுமாகப் போனான். "அத்தை, வந்திருக்கேன்." "சரி."

பல் டாக்டர் முன்னதாகவே வந்து சூட்கேஸைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒரு சின்ன விமான நிலையம் அளவுக்கு விளக்குகள். அடக்கமான மனிதர். எழுந்து கைகொடுத்தார். கையில் லேசாகக் கிராம்பு வாசனை.

"உங்க ஆம்ப் நல்ல ஆம்ப் சார்" என்றார். "இப்ப இந்த மாதிரி கிடைக்காது. ஆனா இனிமே தேவையும் படாது."

"ஆமாம்" என்றான் கண்ணாடிக்காரன்.

டாக்டர் முதலில் வாசித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று பாட்டு. மூன்றிலும் சுருதி பிசகவில்லை, தாளம் தள்ளவில்லை. பாட்டு முடிந்த கணத்தில் நிசப்தம், ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துப்போய். அந்த நிசப்தத்தில் மைத்துனன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தான்.

"என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"இல்ல, ஒண்ணும் இல்ல." ஒன்று, இரண்டு என்று வாயால் எண்ணி ஆரம்பித்தான்.

முடிந்ததும் பார்சல் சொன்னான், "டாக்டர், டேப் போட்ட மாதிரி இருக்கு." அது பாராட்டுதான். மைத்துனனும் தலையை ஆட்டினான். நல்லதை நல்லது என்று சொல்லாமல் இருக்க முடியாது.

அடுத்து கண்ணாடிக்காரன். பாத்ரூம் பொத்தானை மிதித்தான். மைத்துனன் எண்ணினான். டிரம்ஸும் பேஸும் கிளம்பின. தப்பு விழுந்துவிடக் கூடாதே என்று கண்ணாடிக்காரன் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தான். கதவு திறக்க அந்தச் சத்தம் போதவில்லை. பாதிப் பாட்டில் பார்சல் அவன் பக்கம் சாய்ந்து, "அண்ணே, ஸ்விட்ச் போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சு."

"அப்ப எனக்குத்தான் காதுல ஏதோ."

மைத்துனன் நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை பதற்றத்தில் கண்ணாடிக்காரனின் ஷூ இரண்டு பொத்தானையும் சேர்த்து மிதித்துவிட்டது. அப்படி மிதித்தால் பெட்டி வேறொரு சத்தத்துக்குத் தாவும் என்று காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவன் படிக்கவில்லை. நன்றாக இழுத்துத்தான் வாசித்தான். லாரி பின்னால் நகரும்போது போடுகிற பீப் சத்தம் போல ஒன்று கேட்டது.

பார்சல் அனிச்சையாக ஷட்டர் பக்கம் திரும்பி, "வண்டி ஏதோ வருது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். டாக்டர் தன் ஒயரை அழகாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். மைத்துனன், "அத்தான், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். முடிவு சொல்லப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். கண்ணாடிக்காரனே கடையில் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறான்.

"ஒரு நிமிஷம்" என்று பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். எல்லாத் திருகையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். எதிரொலி இல்லை, லாரி இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு திருகு மிச்சம். கதவு.

மூடியபடி வைத்துப் பார்த்தான். முதலாவது. டாக்டருடைய நிசப்தம் மாதிரியே, சுத்தமாக.

முழுக்கத் திறந்தான். இரண்டாவது.

ஹெட்ஃபோனில் மூச்சாக இருந்தது, கிழட்டு எருமைக்குள் போனதும் உறுமலாக வந்தது. 'உம்ம்ம்' என்று ஷட்டர் தகடு வரைக்கும் போய் நின்றது. மைத்துனன் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றான். பார்சல் ஆம்பைப் பார்த்தான்.

கண்ணாடிக்காரன் மூடினான். திறந்தான். மூடினான். திறந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இரண்டும் ஒன்றாக இல்லை.

"ரெண்டாவது" என்றான்.

"என்ன ரெண்டாவது?" என்றார் பல் டாக்டர். "சார், உங்க கேட் திறந்திருக்கு. அதை மூடினா இந்த இரைச்சல்—"

மேலேயிருந்து ஒரு தட்டு விழுந்தது. துடைப்பக் கட்டை. ஓங்கி, ஒரே ஒரு தட்டு. விட்டத்தில் இருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து டாக்டருடைய சூட்கேஸில் விழுந்தது.

மைத்துனன் பாட்டிலை வைத்துவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் எப்போது போய் உட்கார்ந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. குச்சி நாலு தடவை மோதியது. பயப்பட நேரம் கொடுக்கவில்லை. கண்ணாடிக்காரனின் கை, முடிந்த மட்டும் பெரிதாக, கம்பிகளின் மேல் விழுந்தது.

இரண்டாவது வரியிலேயே ஒரு கார்டு தப்பு. அப்புறம் இன்னொன்று. நடுவில் ஒரு இடத்தில் பாட்டையே தவறவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் மாதிரி அடுத்த வரியில் தொற்றிக்கொண்டான். எல்லாத் தப்பும் எல்லோருக்கும் கேட்டது. கேட்டால்தானே தப்பு என்று சொல்ல முடியும். மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு, டிரம்ஸை உடைத்துவிடுகிற மாதிரி அடித்தான். அவனுக்கு வியர்த்திருந்தது, முகம் முழுக்க. துடைக்கக் கை இல்லை.

பாட்டு முடிந்தது. உறுமல் மிச்சம் நின்றது. மேலே இன்னொரு தட்டு. இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார்கள்.

அது முடிந்த பிறகுதான் மைத்துனன் ஆம்பை அணைத்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தான், ரொம்பத் தப்பு" என்றான்.

"தெரியும்."

"நீச்சல் குளத்துல மானம் போகும்."

"ஆமா."

"வாரத்து நடுவுல இன்னொரு நாள் வந்து பழகணும். புதன்கிழமை கடை சீக்கிரம் மூடறேன்."

"சரி."

பல் டாக்டர் சூட்கேஸில் விழுந்த சுண்ணாம்பைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர்களிடம் எப்படியோ தூரிகை இருக்கிறது. "எனக்குப் புரியுது" என்றார். என்ன புரிந்தது என்று சொல்லவில்லை. "ஆனா அந்த இரைச்சலை நிறுத்த ரொம்பச் சுலபமான வழி இருக்கு."

"இருக்கு டாக்டர்" என்றான் மைத்துனன். "நிறுத்தினா எங்க அம்மாவுக்கு எப்ப தட்டறதுன்னு தெரியாது."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவது கிட்டார் தேவைப்படுமா?"

"தேவைப்படும் டாக்டர்" என்றான் பார்சல் உடனே. "அண்ணன் வாசிச்சதைக் கேட்டதுக்கப்புறம் ரொம்பவே தேவைப்படும்."

கண்ணாடிக்காரன் பெட்டியைப் பையிலும் கிட்டாரைத் தோளிலும் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான். மாமியார் படியின் பாதியில் நின்றிருந்தார். கையில் துடைப்பம். அதைக் கொண்டுவந்ததை மறந்துவிட்டவர் போல இருந்தது.

"அத்தை, கிளம்பறேன்."

"அந்த மிஷின் இன்னும் சரியாகலையா மாப்பிள்ளை?"

"இல்லத்தை."

"யாருகிட்டயாவது காட்டறதுதானே."

"காட்டினேன். இப்படித்தான் இருக்கும்னுட்டாங்க."

அவர் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அடுத்த வாரமும் இப்படிக் கத்தினா நான் தட்டத்தான் செய்வேன்."

"சரி அத்தை."

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தான். கைகள் லேசாக இருந்தன. பாதித் தெரு நடந்த பிறகுதான் ஏன் என்று தெரிந்தது: ஆம்பைக் கடையிலேயே விட்டுவிட்டிருந்தான். திரும்பிப் போய் எடுத்து வரலாமா, அங்கேயே இருக்கட்டுமா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தான். அப்புறம் நடந்தான். புதன்கிழமை எப்படியும் போகத்தானே வேண்டும்.